ஒரிஜினல் ஓடாது!

பரணில் ஏறினால் ஏதாவது வம்பு வந்து சேரும். போன மாதம் எனக்கு அது ஒரு சிடி வடிவத்தில் வந்தது.

2003ல் காசு கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் கேம். அட்டைப்பெட்டி, கையேடு, கடை பில் எல்லாம் பத்திரமாக இருந்தன. 'பர்மா பஜார்ல அம்பது ரூபாய்க்குக் கிடைக்குதே, இதுக்குப் போய் 900 ரூபா தண்டம் அழுதியா?' என்று அன்றைக்கு ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். திருட்டு சிடி வாங்க மாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். நெஞ்சு இன்றைக்குக் கொஞ்சம் கூனிவிட்டது.

தம்பி மகன் ஒன்பதாவது படிக்கிறான். "இதை ஆடிப் பார்க்கலாமா பெரியப்பா?" என்றான். புது லேப்டாப்பில் சிடி போட இடமே கிடையாது. யுஎஸ்பியில் செருகுகிற டிரைவ் ஒன்றைத் தேடி வாங்கினோம். சிடி சுற்றியது. இன்ஸ்டால்கூட ஆனது. ஆட்டத்தைத் திறந்தால் ஒன்றுமே வரவில்லை. ஒரு வினாடி கர்சர் சுற்றிவிட்டு நின்றுவிட்டது. 'பழைய சிஸ்டம் மாதிரி நடி' என்று கட்டளையிடும் வசதியையும் போட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

பையன் பத்து நிமிஷம் காணாமல் போனான். திரும்பி வந்தபோது அதே கேம், அதே லேப்டாப்பில் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. எவனோ பூட்டை உடைத்து இன்டர்நெட்டில் போட்டுவைத்த காப்பி.

"நீங்க காசு கொடுத்து வாங்கினது ஓடல. ஓசியில வந்தது ஓடுது. அப்ப எது பெரியப்பா ஒரிஜினல்?"

பதில் வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபம்தான் இந்த வாரம்.

பழைய ஆட்டங்கள் புது கம்ப்யூட்டரில் ஓடாமல் போவதற்கு இரண்டு நியாயமான காரணங்கள் உண்டு. முதலாவது, வேகம். 1981ல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதிய கேமை வேகமான மெஷினில் போட்டால், நாம் கண் சிமிட்டுவதற்குள் ஹீரோ செத்துவிடுவார். அந்தக் காலப் பெட்டிகளில் 'டர்போ' என்று ஒரு பட்டன் இருந்தது ஞாபகமிருக்கிறதா? அது முக்கியமாக வேகத்தைக் குறைக்கத்தான் பயன்பட்டது!

இரண்டாவது, மொழி மாறிப்போனது. டாஸ் காலத்து ஆட்டங்கள் 16 பிட் சங்கதிகள். 64 பிட் விண்டோஸுக்கு அவை புரியாது. 2021ல் வந்த விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது.

இவை முதுமையால் வரும் நோய்கள். யாரையும் திட்ட முடியாது. மருந்தும் இருக்கிறது. டாஸ்பாக்ஸ் என்ற இலவச ஸாஃப்ட்வேர் 2002ல் வந்தது. அது உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டரை, அதன் சவுண்ட் கார்டு உட்பட, நடித்துக் காட்டும். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா அதில் இன்றும் முள்ளைத் தாண்டிக் குதிக்கிறார். எழுதியவர்கள் யாரும் கோடீஸ்வரர்கள் இல்லை, ஆர்வத்தில் உழைத்தவர்கள்.

மூன்றாவது காரணம் நோயல்ல, கொலை.

சிடியைக் காப்பி அடிக்காமலிருக்கக் கம்பெனிகள் பூட்டுப் போட்டன. அதில் பேர்போன ஒன்று சேஃப்டிஸ்க். இந்தப் பூட்டு விண்டோஸின் அடிமடியில் ஒரு டிரைவரைக் கொண்டுபோய் வைத்தது. அந்த டிரைவர் வழியாகத் திருடன் நுழையலாம் என்று தெரிந்ததும், 2015ல் வந்த விண்டோஸ் 10ல் மைக்ரோஸாஃப்ட் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதே வருடம் செப்டம்பரில் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை நிறுத்தியது. பாதுகாப்பு என்று பார்த்தால் அது சரியான முடிவு. அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் விளைவைப் பாருங்கள். அந்தப் பூட்டுப் போட்டு விற்ற ஒரிஜினல் சிடிகள் ஒரே நாளில் ஊமையாயின. பூட்டை உடைத்த திருட்டுக் காப்பிகளுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. திருடனைத் தடுக்கச் செய்த பூட்டு, கடைசியில் வீட்டுக்காரனை வாசலில் நிறுத்தியது.

இதற்குத் தேவை, பூட்டைக் கழற்றும் ஒரு சின்னத் திருத்தம். கேமைச் செய்த கம்பெனி மனசு வைத்தால் முடிகிற வேலை. சிலர் செய்தார்கள். பலர் செய்யவில்லை. பழைய ஆட்டத்தில் இனிமேல் லாபமில்லை.

'விக்கிற வரைக்கும்தான் சார் பொறுப்பு. இருபது வருஷத்துக்கு அப்புறமும் கம்பெனி கூடவே வரணுமா?' என்று கேட்பீர்கள். வரவேண்டாம். வழிவிட்டால் போதும். ஐடி ஸாஃப்ட்வேர் 1993ல் டூம் கேமை வெளியிட்டது. 1997லேயே அதன் மூல நிரலை வெளியே கொடுத்துவிட்டது. அதனால்தான் டூம் இன்றைக்கும் கண்ட கண்ட மெஷினிலெல்லாம் ஓடுகிறது. கம்பெனி அதற்காக இருபது வருஷம் ஆள்வைத்து வேலை பார்க்கவில்லை.

மனசிருந்த காலமும் உண்டு. சிம்சிட்டி கேமில் ஒரு பிழை. திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தையே மறுபடி தொட்டுப் படிக்கும். பழைய விண்டோஸில் அதிர்ஷ்டத்தில் தப்பித்தது. விண்டோஸ் 95ல் கவிழ்ந்தது. தப்பு கேமுடையதுதான். ஆனாலும், சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் மட்டும் விட்டுக்கொடுக்கும்படி விண்டோஸ் 95ஐ மாற்றினார்கள். காசு கொடுத்து வாங்கியவனின் ஆட்டம் நிற்கக்கூடாது என்ற எண்ணம்தான்.

இப்போது எண்ணமே வேறு. 2014ல் வந்த 'தி க்ரூ' என்ற கார் ரேஸ் ஆட்டத்தைத் தனியாக ஆடினாலும் கம்பெனி சர்வரோடு பேசியாக வேண்டும். 2024 மார்ச் 31ல் யூபிஸாஃப்ட் சர்வரை அணைத்தது. வாங்கிய அத்தனை பேருக்கும் ஆட்டம் குளோஸ். கொதித்துப்போய் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று இயக்கம் கிளம்பியது. ஐரோப்பாவில் அவர்களுடைய மனுவுக்கு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்து தாண்டியது.

அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவிகிதம் கடையில் கிடைப்பதில்லை என்று 2023ல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனின் ஆய்வு சொன்னது. சரி, விற்பனையில் இல்லாத ஆட்டங்களை நூலகங்கள் ஆராய்ச்சியாளர்களுக்குத் தொலைவிலிருந்து காட்டலாமா என்று கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் கூடாது என்றது. விற்கவும் மாட்டார்கள், காட்டவும் விடமாட்டார்கள். வைக்கோல்போர் கதைதான்.

நம் ஊர்ச் சட்டமும் தமாஷானது. வாங்கிய புரோகிராம் பழுதாகிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள அது அனுமதிக்கிறது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 2 வருடம் வரை சிறை என்று 2012ல் திருத்தமும் சேர்த்தது. ஆக நகல் எடுக்கலாம். பூட்டில் கைவைத்தால் உங்கள் நோக்கம் என்ன என்று நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும்.

'போகட்டும் சார், விளையாட்டுதானே?'

சினிமாவையும் அப்படித்தான் சொன்னார்கள். தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்', 1931ல் வந்தது. உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? பார்க்க முடியாது. பிரதியே இல்லை. 'பழைய ஃபிலிம்தானே' என்று விட்டதன் பலன்.

சங்க இலக்கியம் நமக்குக் கிடைத்தது எப்படி? ஓலை செல்லரிக்கும். அரிப்பதற்குள் எவரோ புது ஓலையில் படியெடுத்தார். அதுவும் அரிப்பதற்குள் இன்னொருவர். உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து தேடியது அந்தப் படிகளைத்தான். ஏட்டுக்கு யாராவது சேஃப்டிஸ்க் போட்டிருந்தால் நமக்குப் புறநானூறு இல்லை. இன்னொன்று தெரியுமோ? நம் பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் 'இலக்கியப் படைப்பு' என்ற வகையில்தான் வருகிறது. இலக்கியம் என்று சொல்லியாகிவிட்டது. இலக்கியத்துக்குத் தரும் மரியாதையையும் கொடுங்கள்.

நான் கேட்பது மூன்றே மூன்று. விற்பனையை நிறுத்தும் நாளில் பூட்டைக் கழற்றிக் கொடு. சர்வரை அணைக்கும் முன் தனியாக ஆட வழி செய்துவிட்டுப் போ. இரண்டும் முடியாதென்றால் பெட்டியின்மேல் 'விற்பனைக்கு' என்று போடாதே. 'வாடகைக்கு' என்று கொட்டை எழுத்தில் போடு. வாடகைக்கு என்ன விலை தருவதென்று எங்களுக்குத் தெரியும்.

சிடியை மறுபடி அட்டைப்பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றினேன். "ஓடாதுன்னு தெரிஞ்சும் எதுக்குப் பெரியப்பா வெச்சுக்கறீங்க?" என்றான் பையன்.

பில் இருக்கிறதே, அதற்காக. ஒருநாள் யாராவது கணக்குக் கேட்க வந்தால் காட்ட வேண்டாமா?