கம்ப்யூட்டரை வேகமாக்கும் சாஃப்ட்வேர்கள்: காசு கட்டும் முன் ஒரு நிமிஷம்!

போன மாசம் சித்தி பையன் மதுரையிலிருந்து போன் செய்தான். "அண்ணா, லேப்டாப் ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகுது. ஒரு கிளீனர் சாஃப்ட்வேர் போட்டுப் பாத்தேன். 1,847 பிரச்னை இருக்குனு சிவப்புல காட்டுது. சரிபண்ண 1,999 ரூபா கேக்குது. கட்டிடட்டுமா?"

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாசம்தான் ஆகிறது. வீட்டிலிருந்து வேலை. காலை மீட்டிங்குக்கு லேட்டானால் டீம் லீடரிடம் பாட்டு வாங்க வேண்டும். அவன் அவசரம் புரிந்தது. ஆனாலும் "கட்டாதே" என்றேன்.

அந்த 1,847 எங்கிருந்து வருகிறது? பிரவுசரில் இருக்கும் ஒவ்வொரு குக்கீயும் ஒரு 'பிரச்னை'. ஒவ்வொரு டெம்ப் ஃபைலும் ஒரு 'பிரச்னை'. மீதி, ரெஜிஸ்ட்ரி. விண்டோஸும் மற்ற புரோகிராம்களும் தங்கள் செட்டிங்ஸை எழுதி வைக்கும் பெரிய பதிவேடு அது. நாம் என்றோ அன்இன்ஸ்டால் செய்த புரோகிராமின் குறிப்புகள் அதில் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். உண்மைதான். ஆனால் விண்டோஸ் அந்தப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து வாசிப்பதில்லை. தேவையான இடத்துக்கு நேராகப் போய் எடுத்துக்கொள்ளும். டெலிபோன் டைரக்டரியில் ஊரைவிட்டுப் போன நாலு பேர் பெயரை அடித்துவிட்டால், உங்கள் நண்பரின் நம்பர் சீக்கிரம் கிடைத்துவிடுமா என்ன? தவறான ஒன்றை அழித்துவிட்டால் விண்டோஸையே மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டி வரலாம். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது.

'ரேம் பூஸ்டர்' இன்னும் வேடிக்கை. பட்டனைத் தட்டியதும் ரேம் காலியானதாக நம்பர் காட்டும், பார்க்க சந்தோஷமாக இருக்கும். நடப்பது என்னவென்றால், ரேமில் இருந்ததை அது டிஸ்க்குக்குத் தள்ளிவிடுகிறது. நீங்கள் மறுபடி அந்த எக்செல் ஷீட்டுக்குப் போனால், டிஸ்க்கிலிருந்து திரும்ப எடுத்து வர வேண்டும். இன்னும் ஸ்லோ! 2007-ல் வந்த விஸ்டா காலத்திலிருந்தே, சும்மா கிடக்கும் ரேமில் நாம் அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் வேலையை விண்டோஸ் செய்து வருகிறது. அதைக் கெடுத்துக்கொள்ள நாம் ஏன் காசு தர வேண்டும்?

இந்த வியாபாரம் புதுசும் இல்லை. 1995-ல் 'சாஃப்ட்ரேம் 95' என்று ஒன்று வந்தது. ரேமை இரண்டு மடங்காக்கும் என்றார்கள். லட்சக்கணக்கில் விற்றது. விண்டோஸ் 95-ல் அது ரேமைக் கூட்டவே இல்லை என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. 2019-ல் அதே கமிஷனிடம் ஆஃபீஸ் டிப்போ, சப்போர்ட்.காம் இரண்டும் சிக்கின. 'கம்ப்யூட்டர் ஸ்லோவா? பாப்-அப் வருகிறதா?' என்பது போன்ற நாலு கேள்விகள் கேட்பார்கள். ஒன்றுக்கு டிக் அடித்தாலும் போதும், மால்வேர் அறிகுறி இருப்பதாக ரிசல்ட் வந்துவிடும். ஸ்கேன் எல்லாம் சும்மா ஒப்புக்கு. 3.5 கோடி டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டார்கள்.

சரி, இவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. சி டிரைவ் நிரம்பி வழிகிறது என்றால் குப்பையை அள்ளுவது நிஜமாகவே உதவும். ஸ்டார்ட்அப் புரோகிராம்களை நிறுத்துவதும் உதவும். 'போட்டேன், வேகமாயிடுச்சு' என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் பலன் தந்தது இந்த இரண்டும்தான் என்பது என் கணிப்பு. ஆனால் இரண்டுமே விண்டோஸில் இலவசமாக இருக்கின்றன. செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' முதல் வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதற்கு டாஸ்க் மேனேஜர் போதும்.

தம்பியை அதைத்தான் திறக்கச் சொன்னேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினான். ஸ்டார்ட்அப் பட்டியலில் 14 புரோகிராம்கள். டோரன்ட், ரெண்டு ஆன்டிவைரஸ் (ஒன்றையொன்று பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்திருக்கும்), கூடவே அந்த 1,847-ஐக் கண்டுபிடித்த புண்ணியவானும்! தேவையில்லாததை டிசேபிள் செய்து, ஒரு ஆன்டிவைரஸை எடுத்ததும் பத்து நிமிஷம் ஐந்தானது.

மீதிக்குக் காரணம் வேறு. டிஸ்க் எப்போதும் 100 சதவீதத்தில் நின்றது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை நொடிக்கு நூறு முறை போல எடுக்கவே அது திணறும். சாதாரண எஸ்எஸ்டி அதையே பல ஆயிரம் முறை செய்யும். இந்த வித்தியாசத்தை எந்த சாஃப்ட்வேராலும் ஈடுகட்ட முடியாது. பக்கத்துக் கடையில் எஸ்எஸ்டி மாற்றினான். இப்போது ஒரு நிமிஷத்துக்குள் ஆன் ஆகிறது. வாங்கும்முன் உங்கள் மாடலில் மாற்ற இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில் இந்த மாதிரி எதையும் போடவே போடாதீர்கள். 2017-ல் புகழ்பெற்ற சிகிளீனரின் அதிகாரப்பூர்வ டவுன்லோடிலேயே ஹேக்கர்கள் மால்வேரை நுழைத்தார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு அது போனது. அவற்றில் அவர்கள் குறிவைத்துத் தேடியது பெரிய ஐடி நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களை. ஸ்லோவாக இருந்தால் ஐடி டீமுக்கு ஒரு டிக்கெட் போடுங்கள். அவர்கள் ஸ்லோவாக வந்தாலும் பரவாயில்லை.