கடல் எந்தப் பக்கம் தம்பி?

போன கந்தூரிக்கு ஹாஸ்டல்ல ஒரு சின்னப் பொய் சொல்லிட்டு ஊருக்கு ஓடி வந்தேன். சந்தனக்கூடு சமயத்துல நாகூர் எப்படி இருக்கும்னு தனியா சொல்லணுமா? தெரு முழுக்கக் கூட்டம், வீடு முழுக்கச் சொந்தம். ஆளுக்கொரு சலாம் போட்டுட்டு, அப்பாடானு என் ரூம் கதவைத் திறந்தா...

ஷாக்! அது என் ரூமே இல்லை பாஸ்.

ஜன்னலோரம் இருந்த கட்டில் சுவரோரம் போயிருந்தது. மேஜை மேல மூணு வருஷமா நான் பாடுபட்டு வளர்த்த குப்பை மலையைக் காணோம். (அது குப்பை இல்லீங்க, சிஸ்டம்! எந்த அடுக்குல எந்த நோட்ஸ்னு கண்ணை மூடிட்டு எடுப்பேன்.) டிராயிங் ஷீட்டெல்லாம் சுருட்டி பீரோ மேல. வாசல்ல சாச்சி சிரிச்சுக்கிட்டு நின்னாங்க. "எப்புடி, பளபளன்னு ஆக்கிட்டேன்ல?"

அதுவரைக்கும்கூட ஓகே. அப்புறம்தான் ஷெல்ஃபைப் பார்த்தேன். என் டைரிகள் வருஷ வாரியா அழகா அடுக்கியிருந்தது. அந்த டைரிகளோட அட்டையில வருஷமே கிடையாது. அப்படின்னா... திறந்து பார்த்திருக்கணும்ல?

ஒரு பொருள்கூடத் தொலையலை. ஆனா என்னமோ தொலைஞ்ச மாதிரி நெஞ்சுல ஒரு கனம். "ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? நல்லதுதானே செஞ்சா?"ன்னாங்க உம்மா. அதுதான் பிரச்னையே! திருடன் வந்து கலைச்சிருந்தா ஊரைக் கூட்டிக் கத்தலாம். அன்பா கலைச்சவங்ககிட்ட என்ன பண்றது? தேங்க்ஸ்தான் சொல்லணும். சொன்னேன். ராத்திரி தூக்கம் வரலை.

மறுநாள் ஸ்கூல் ஃப்ரெண்ட் ஒருத்தன்கிட்ட புலம்பினேன். மீனவக் குடும்பத்துப் பையன். விழுந்து விழுந்து சிரிச்சான். "ஒரு ரூமுக்கே இப்படியா? எங்க ஊரையே அடுக்கி வச்சாங்கடா. வா, எங்க ஆயாகிட்ட வந்து சொல்லு"ன்னு பைக்ல ஏத்திட்டுப் போனான். எங்க ஏரியாவுல எல்லாரும் 'சுனாமி குடியிருப்பு'னு சொல்ற இடம் ஒண்ணுக்கு.

2004 டிசம்பர் 26. நான் அப்போ பிறக்கவே இல்லை. நாகை மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க. 2005 மார்ச்ல அரசாணை எண் 172 வந்தது. அலை ஏறும் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள்ள சேதமான வீடு வச்சிருந்தவங்க, அதைத் தாண்டி வந்தா ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்புல புது வீடு இலவசம். வரமாட்டேன், இங்கேயேதான் இருப்பேன்னா இருக்கலாம். ரிப்பேர் செலவு உங்களோடது, உதவி கிடையாது. தொண்டு நிறுவனங்கள் வரிசையா வந்தாங்க. வீடுகளும் வரிசையா வந்துச்சு.

"வூட்டுல என்ன ஆயா குறை?"ன்னேன். கான்க்ரீட் வீடு, கரன்ட், பட்டா எல்லாம் இருக்கே!

"பழைய வூட்டு அடுப்படியிலேர்ந்தே கடல் தெரியும் தம்பி. ஒங்க தாத்தா மரம் கரைக்கு வர்றதைப் பார்த்துட்டுதான் உலை வைப்பேன். இங்க எதிர்ல அடுத்த வூட்டுச் செவுருதான் தெரியுது. அடுப்பை உள்ள வச்சாங்க, பொகை தாங்கலை. வெளிய ஒரு கீத்துக் கொட்டகை போட்டு அங்கதான் ஆக்குறேன். சாமி படம் மாட்டுற செவுத்துக்குப் பின்னால கக்கூஸ். அதுல வலை கெடக்கு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

ஆயா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "புள்ளைய மண்ணுல வச்சுட்டு, மாத்துத் துணி இல்லாம நிக்கிறேன். ஒருத்தர் வந்து வூடு தரேங்கறாரு. எனக்கு வாசல் அந்தப் பக்கம் வேணும்னு எந்த வாயால கேக்குறது? சும்மா குடுக்குறதுல நொட்டை சொல்லலாமா? அவங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

என் டைரியையும் ஆயாவோட கடலையும் நான் ஒரே தராசுல வைக்கலை. ஆனா ரெண்டு இடத்துலயும் வாயை அடைச்சது ஒரே வாக்கியம்: 'நல்லதுதானே செஞ்சாங்க?'

நல்லதும்தான் செஞ்சாங்க. இல்லைன்னு சொன்னா பாவம். வீட்டைப் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் பதிஞ்சது பெரிய விஷயம். ஆனா கடலோரத்துல சில கிராமங்கள்ல சுனாமிக்கே அசையாம நின்ன நல்ல வீடுகளைக்கூட இடிச்சு, நிழல் தந்த மரங்களை வெட்டி, கோடு போட்ட மாதிரி புது வீடு கட்டியிருக்காங்கன்னு ஆய்வு பண்ணவங்க எழுதியிருக்காங்க. அலை விட்டுட்டுப் போனதை அக்கறை எடுத்துட்டுப் போயிருச்சு!

இப்போ என் கதைக்கு வர்றேன். நான் சிவில் இன்ஜினீயரிங். போன செமஸ்டர்ல 'மீனவர் குடும்பத்துக்குக் குறைந்த செலவில் வீடு'னு ஒரு அசைன்மென்ட். ஹாஸ்டல்ல உட்கார்ந்து ஒரே ராத்திரியில பிளான் போட்டேன். பத்துக்கு ஒன்பது மார்க்! பெருமையா செல்போன்ல அந்த பிளானை ஆயாகிட்ட காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"கடல் எந்தப் பக்கம் தம்பி?"

வடக்கு எந்தப் பக்கம்னு அம்புக்குறி போட்டிருந்தேன். கடல் எந்தப் பக்கம்னு போடவே இல்லை. மார்க் போட்டவரும் கேக்கலை.

இங்கிலாந்துல பிறந்து கேரளத்துல வாழ்ந்தவர் லாரி பேக்கர். 1970-கள்ல திருவனந்தபுரம் பூந்துறையில மீனவர்களுக்கு வீடு கட்டினப்ப, வீடுகளை நேர் வரிசையில நிறுத்தாம முன்னே பின்னே தள்ளி வச்சார். ஒவ்வொரு வீட்டுக்கும் கடல் காத்து வரணும், கடல் தெரியணும், வாசல்ல வலை காயப்போட இடம் இருக்கணும். இதுக்கு ஒண்ணும் கோடி கோடியா செலவாகாது. அந்த வீட்டுல இருக்கப்போறவங்க நாள் முழுக்க என்ன பண்றாங்கன்னு தெரிஞ்சாப் போதும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா சாச்சிகிட்ட தைரியமா சொல்லிட்டேன். "அடுத்த தடவை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்ங்க சாச்சி." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரிடா... அந்த மேஜைக் குப்பையை மூட்டை கட்டி மாடியில வச்சிருக்கேன். என்ன பண்ணட்டும்?"னு கேட்டாங்க. கேட்டாங்க பாருங்க, அது போதும்!

இதை எழுதிட்டிருக்கும்போது வாப்பா வந்து நிக்கிறார். "என் போன்ல வாட்ஸ்அப் எங்கடா போச்சு? ரெண்டு நாளாத் தேடுறேன்."

அட ஆமா... முந்தாநாள் நான்தான் அவர் போனை எடுத்து, எல்லாத்தையும் நீட்டா அடுக்கி வச்சேன்.

கேக்காம!