சிங்கப்பூரில் இல்லாத அரை மணி நேரம்

1981 டிசம்பர் 31 இரவு. சிங்கப்பூரின் டோபி காட் பகுதியில் புத்தாண்டுக்காகக் காத்திருந்தவர்களுக்கு 11.30 மணிக்கே ஆண்டு பிறந்துவிட்டது. மலேசியாவின் நேரத்தோடு ஒத்துப்போக, சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிய இரவு அது.

ஆக, அன்றிரவு 11.45 என்றொரு நேரமே அங்கே கிடையாது.

ஆனால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், சிங்கப்பூர் நேர மண்டலத்தோடு அந்த நேரத்தைப் பதிந்தால், மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டு 1982 ஜனவரி 1, 00:15 என்று காட்டும். இத்தனைக்கும் அதே மென்பொருள் பிப்ரவரி 30-ஐக் கண்டால் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். எஸ்கியூலைட் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் தேதிச் செயற்கூறோ 2023 பிப்ரவரி 30-ஐ மார்ச் 2 ஆக்கிவிடும்.

இப்படிச் சத்தமில்லாமல் திருத்தும் மென்பொருளை நம்பி மருத்துவப் பதிவையோ வங்கிக் கணக்கையோ ஒப்படைக்கக் கூடாது. தவறான தேதி வந்தால், தட்டியவரிடமே திருப்பிக் கேட்க வேண்டும். இத்தகைய நேரச் சிக்கலைத் தவிர்க்க, பிறந்த நாளைத் தேதியாக மட்டுமே சேமிக்க வேண்டும். அதில் நள்ளிரவு நேரத்தை ஒட்டவைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. சிங்கப்பூருக்கு மென்பொருள் எழுதுவோரின் சோதனைப் பட்டியலில் மூன்று உள்ளீடுகள் கட்டாயம் இருக்கட்டும்: அந்த 11.45, ஒரு பிப்ரவரி 30, நாள் முதலா மாதம் முதலா என்று குழப்பும் 03/04/2024.