மருந்து அவர்களுக்கு, வழக்கு எங்களுக்கா?

கஞ்சாவை மருத்துவத்துக்கு அனுமதிக்கக் கோரும் போராட்டத்தில் இறங்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று சில இளம் தோழர்கள் எங்களிடம் கேட்கிறார்கள். சேரியிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் எங்கள் பதில்.

"கஞ்சா கேஸ் போட்டு உள்ளே தள்ளிடுவேன்." எங்கள் தெருப் பிள்ளைகள் கேட்டு வளரும் மிரட்டல் இது. 2021 இறுதியில் தமிழகக் காவல்துறை ஒரு நடவடிக்கைக்குக் 'கஞ்சா வேட்டை' என்றே பெயர் வைத்தது. வேட்டை எந்தத் தெருக்களில் நடக்கும் என்று நாங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மகனுக்கு ஜாமீன் எடுக்கக் காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்த தாய்மார்களோடு நீதிமன்ற வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள். போதாததற்குக் குண்டர் சட்டம். 1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 'போதைப்பொருள் குற்றவாளி' என்று முத்திரை குத்தினால் வழக்கு விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம்.

அதே செடிக்கு இன்னொரு முகமும் உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பூவையும் பிசினையும்தான் தடுக்கிறது. தனி இலையும் விதையும் அதற்குள் வராது. அந்த இலையின் சாறு ஆயுஷ் உரிமத்தோடு 'விஜயா' என்ற பெயரில் இணையத்தில் விற்கிறது. மருத்துவர் சீட்டும் கையில் காசும் இருந்தால் வீட்டுக்கே வரும். உத்தரகாண்டில் 2018 முதல் தொழில் தேவைக்குப் பயிரிட உரிமம் கொடுக்கிறார்கள். உரிமம் வாங்க நிலம் வேண்டும், முதல் வேண்டும். இரண்டும் யாரிடம் இருக்கின்றன?

"நம் பிள்ளைகள் போதையில் அழிகிறார்கள், இந்த நேரத்தில் இது தேவையா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தெருமுனை வியாபாரத்துக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. கஞ்சா எண்ணெய் புற்றுநோயைக் குணமாக்கும் என்று விற்க வருபவனை முதலில் விரட்டுங்கள். ஆனால் குழந்தைகளைத் தாக்கும் இரண்டு கொடிய வலிப்பு நோய்களுக்குக் கஞ்சாவிலிருந்து எடுத்த கன்னாபிடியோல் மருந்தை 2018இல் அமெரிக்க மருந்துத் துறை ஏற்றது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் மிகக் கடுமையான தடைப் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தபோது இந்தியாவும் ஆதரித்தே வாக்களித்தது. வெளியே ஒரு பேச்சு, சேரிக்குள் ஒரு பேச்சா?

மார்ஃபின் கதையை மறக்கக் கூடாது. 1985 சட்டம் மருத்துவத் தேவைக்கு அதைத் தடுக்கவில்லை. ஆனால் உரிமச் சிக்கலுக்கு அஞ்சி மருத்துவமனைகள் வாங்கி வைப்பதையே விட்டன. வலிதணிப்பு மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடித்தான் 2014இல் திருத்தம் வந்தது. சட்டத்தில் அனுமதி இருப்பது வேறு, அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கிடைப்பது வேறு.

எனவே செய்ய வேண்டியவை இவை. முதலில் சட்டத்தைப் படியுங்கள். 8ஆம் பிரிவு மருத்துவ, அறிவியல் தேவைக்கு விலக்கு தருகிறது. 10ஆம் பிரிவு கஞ்சாவுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசிடம் தருகிறது. ஆகவே டெல்லியைக் காட்டித் தட்டிக்கழிக்கக் கோட்டையை விடாதீர்கள்.

இரண்டாவது, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். உங்கள் மாவட்டத்தில் எத்தனை கஞ்சா வழக்குகள், அவற்றில் 'சிறு அளவு' எனப்படும் ஒரு கிலோவுக்குள் எத்தனை, கைதானவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று கேளுங்கள். கணக்கு இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலையே மேடையில் வாசியுங்கள்.

மூன்றாவது, பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் இருக்கிறது. இதை வீடு வீடாகச் சொல்லுங்கள்.

கோரிக்கைப் பட்டியலில் மருந்தோடு இவையும் இருக்கட்டும்: அரசு மருத்துவமனையில் இலவச விநியோகம், சிறு அளவு வழக்குகள் வாபஸ், பழைய பதிவுகள் அழிப்பு, நிலமற்றோர் கூட்டுறவுகளுக்கு உரிமத்தில் முன்னுரிமை. இது பேராசை அல்ல. நியூயார்க்கில் 2021இல் வந்த சட்டம் பழைய தண்டனைப் பதிவுகளை அழிக்கச் சொல்கிறது, வரி வருவாயில் 40 சதவீதத்தைக் கைதுகளால் சிதைந்த சமூகங்களுக்கு ஒதுக்குகிறது. கறுப்பின மக்கள் விடாமல் கேட்டதால் கிடைத்தது அது.

நாம் கேட்காவிட்டாலும் ஒருநாள் கஞ்சா மருந்தாகும். கம்பெனிகள் பார்த்துக்கொள்ளும். அன்றைக்கும் நம் பிள்ளைகள் உள்ளேயே இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இன்றே இறங்கச் சொல்கிறோம்.