மருந்துக்கும் பக்தி வேண்டாம்

நுரையீரலில் புற்றுநோய் என்று வைத்தியர் சொல்லிவிட்டால், எந்தச் சாமிக்கு என்ன நேர்ந்து கொள்ளுவது என்று யோசிப்பதுதான் நம்மவர்களில் அநேகர் செய்கின்ற முதல் காரியம். அது பழைய மூடநம்பிக்கை. இன்று நாம் சொல்ல வந்தது படித்தவர்களைப் பிடித்திருக்கிற புது மூடநம்பிக்கையைப் பற்றியாகும். அதாவது, "இது புது மருந்து, விலையும் அதிகம், ஆகையால் இதுதான் உயர்ந்தது" என்பது. பிறப்பைக் கொண்டு மனிதனுடைய யோக்கியதையை அளப்பதற்கும், விலையைக் கொண்டு மருந்தின் யோக்கியதையை அளப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

ஜெபிடினிப் என்று ஒரு மாத்திரை. உயிரணுவின் மேல் இ.ஜி.எப்.ஆர். என்னும் ஒரு புரதம் இருந்துகொண்டு "வளர், வளர்" என்று உள்ளே சேதி அனுப்புகிறது. அச்சேதியை அடைப்பதே இம்மாத்திரையின் வேலை. சிலருக்குக் கட்டி சுருங்கிற்று என்பதை வைத்து அமெரிக்க சர்க்கார் 2003-இல் இதற்கு அனுமதி கொடுத்தார்கள். பிறகு 1692 நோயாளிகளிடம் சத்தில்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், மொத்தத்தில் ஆயுள் கூடியதாக ருஜுவாகவில்லை. 2005-இல் அதே சர்க்கார் தாங்கள் கொடுத்த அனுமதியைத் தாங்களே சுருக்கிக் கொண்டார்கள். இப்படித் தன் தப்பைத் தானே திருத்திக்கொண்ட புராணம் ஒன்றை எந்தப் பண்டிதராவது காட்டட்டும்!

இதற்கிடையில் 2004-இல் உண்மை வெளியாயிற்று. புற்றணுவில் அந்தப் புரதத்தின் மரபணு ஒரு குறிப்பிட்ட விதமாக மாறியிருப்பவர்களுக்குத்தான் மாத்திரை நன்றாகக் கேட்கிறது. கிழக்காசியாவில் புகை பிடிக்காதவர்களும், கொஞ்சமாய்ப் பிடித்து விட்டுவிட்டவர்களுமாக 1217 பேரிடம் நடந்த பரீட்சையின் முடிவு 2009-இல் வந்தது. அவ்வளவு பொறுக்கி எடுத்தும், மரபணுவைச் சோதிக்க முடிந்த 437 பேரில் 261 பேருக்கே அந்த மாறுதல் இருந்தது. அவர்களுக்கு மாத்திரை கீமோ மருந்தைவிட அதிக நாள் நோயை நிறுத்திற்று. மாறுதல் இல்லாதவர்களுக்கோ, கீமோவில் 5.5 மாதம் அடங்கியிருந்த நோய் மாத்திரையில் 1.5 மாதத்தில் கிளம்பிவிட்டது. ஆகவே, சோதனை செய்யாமல் ஆளைப் பார்த்து மாத்திரை எழுதுகிற வைத்தியனும் முகத்தைப் பார்த்துப் பலன் சொல்லுகிற ஜோசியனும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவர்களேயாவார்கள். மாறுதல் உள்ளவர்களுக்கென்று 2015-இல் இம்மாத்திரைக்கு அமெரிக்காவில் மறுபடியும் அனுமதி கிடைத்தது.

நிற்க. பழைய மாத்திரைகளுக்கு அடங்காமற் போகிற நோயையும் அடக்குவதற்கென்று ஒஸிமெர்டினிப் வந்தது. 556 பேரிடம் பழையதோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்ததில், பழையதில் 10.2 மாதம் அடங்கியிருந்த நோய் புதியதில் 18.9 மாதம் அடங்கியிருந்தது. ஆயுளும் 31.8 மாதத்திலிருந்து 38.6 மாதமாயிற்று. கடுமையான உபாதையும் குறைவு. இது மெய்யான உயர்வு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆசியர்களை மாத்திரம் பிரித்துப் பார்த்த கணக்கில் அந்த ஆயுள் வித்தியாசம் தென்படவில்லை. இப்படிப் பிரித்துப் பார்க்கும் கணக்கை முடிவாகக் கொள்ளக் கூடாதுதான். என்றாலும், நிலத்தை விற்றுப் புது மருந்து வாங்கப் போகிறவனுக்கு இதைச் சொல்லாமல் மறைப்பது யோக்கியமா?

பம்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியார் வேறொரு கேள்வி கேட்டார்கள். பழைய ஜெபிடினிப்போடு பெமெட்ரெக்ஸெட், கார்போப்ளாட்டின் என்னும் கீமோ மருந்துகளைச் சேர்த்தால் என்ன? 350 பேரிடம் பார்த்து 2020-இல் வெளியிட்டார்கள். மாத்திரை மட்டும் என்றால் 8 மாதம், சேர்த்துக் கொடுத்தால் 16 மாதம் நோய் அடங்கியிருந்தது. ஆயுளும் கூடிற்று. ஆனால் கடுமையான உபாதை 100-க்கு 25 பேருக்கு வந்தது 51 பேருக்கு வந்தது. (இந்த 16-ஐயும் முன்சொன்ன 18.9-ஐயும் பக்கத்தில் வைத்துக் கூட்டிக் கழிப்பவர்கள் உண்டு. பரீட்சை வேறு, ஆட்கள் வேறு. அந்தக் கணக்கு செல்லாது.) புதிய மாத்திரையோடு கீமோ சேர்த்தாலும் நோய் இன்னும் தள்ளிப்போகிறது என்று 2023-இல் ருஜுவாகியிருக்கிறது.

ஆகவே, வைத்தியரிடம் போகிறவர்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். "மரபணுச் சோதனை செய்தாயிற்றா? இந்த மருந்தை எதோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை பேரிடம்? நீண்டது ஆயுளா, நோய் அடங்கிய காலம் மாத்திரமா? இதைவிடக் குறைந்த செலவில் என்ன உண்டு?" இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளுகிற வைத்தியர் இருந்தால், வேறொரு வைத்தியரைப் பார்ப்பதில் தவறில்லை.