ஓசையில்லா ஊர்திகள்

கோவாவின் தலைநகர் பனாஜிக்கு அருகே உள்ள ரிபந்தர் படகுத்துறையில் நின்று நோக்கினால், மாண்டவி ஆற்றின் நடுவே சோராவ் தீவு பசுமையாகத் தோன்றும். தீவுக்குச் செல்ல அரசின் பெரும்படகு உண்டு.  தீவின் மேற்கு முனையில், 1.78 சதுர கிலோமீட்டர் பரப்பில், சலீம் அலி பறவைகள் புகலிடம் அமைந்துள்ளது. மும்பையிலும் புனேயிலும் பெங்களூருவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, கோடை விடுமுறையில் கோவாவுக்குச் செல்வதுண்டு. கடற்கரைகளைக் கண்டு களித்தபின் ஒரு நாள் எஞ்சுமாயின், அந்நாளை இத்தீவுக்கு அளிக்கலாம். ஆனால், அங்கே எதில் ஏறிச் செல்வது என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விரைவுப் படகில் ஏறினால் அரைமணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். படமும் எடுத்துக்கொள்ளலாம். எனினும் பொறியின் இரைச்சல் கேட்டவுடன் கரையோரம் நிற்கும் கொக்குகள் எழுந்து பறந்துவிடும். பறவைகளைக் காணச் சென்றவர், அவை பறந்தோடும் காட்சியை மட்டுமே கண்டு திரும்புவார். இது பயணம் ஆகலாம். பறவை நோக்கல் ஆகாது. இத்தகைய இடங்களுக்குத் துடுப்புப் படகும் மிதிவண்டியுமே ஏற்றவை.

இப்புகலிடம் ஓர் அலையாத்திக் காடு. கடலின் உப்புநீரும் ஆற்றின் நன்னீரும் கலக்கும் சேற்றுநிலத்தில் வளரும் காட்டுக்குத் தமிழில் வழங்கும் பெயர் இது. அலையின் சீற்றத்தை ஆற்றும் காடு என்று இதற்குப் பொருள் கூறுவர். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்திலும் இவ்வகைக் காடு உண்டு. அங்குச் சுரபுன்னை எனப்படும் மரத்தின் இனம் இங்கும் வளர்கிறது. அதன் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கிப் பின்னரே சேற்றில் விழும். வேறொரு வகை மரத்தின் வேர்கள், மூச்சுவிடுவதற்காகச் சேற்றுக்கு மேலே பென்சில்களை நட்டுவைத்தாற்போல் எழுந்து நிற்கும். ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகளும், சேற்றில் தாவித் திரியும் மீன்களும் அவ்வேர்களுக்கிடையே வாழ்கின்றன. விரைந்து செல்பவர் கண்ணுக்கு இவற்றுள் ஒன்றும் புலப்படாது. கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் நீர்மட்டத்தோடு ஒட்டி அமர்ந்து, மெல்லத் துடுப்பை வலிப்பவருக்கே புலப்படும்.

கோடையில் பறவைகள் இரா என்று சிலர் கூறுவர். குளிர்காலத்தில் வடதிசையிலிருந்து வரும் பறவைகள் மே மாதத்திற்குள் பெரும்பாலும் திரும்பிவிடுவது உண்மையே. ஆயினும் அத்தீவையே வீடாகக் கொண்ட பறவைகள் எங்கும் செல்வதில்லை. மீன்கொத்தியும் நீர்க்காகமும் நாரையும் செம்பருந்தும் கோடையிலும் காணக் கிடைக்கும். புதிதாகப் பறவை நோக்கத் தொடங்கும் சிறுவர்க்கு இந்தச் சிலவே போதும். நூறு பறவைகள் ஒருங்கே பறந்தால் ஒன்றின் பெயரும் மனத்தில் நில்லாது.

புகலிடத்துக்குப் பெயர் தந்த சலீம் அலியும் ஒரு சிட்டுக்குருவியிலிருந்தே தொடங்கினார். சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத்தைக் கண்டு, அது எவ்வினம் என அறிய மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடினார். அவ்வினாவே அவரை இந்தியாவின் தலைசிறந்த பறவையியல் அறிஞர் ஆக்கியது. ஆனால் இங்கு ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவருக்கு மோட்டார் சைக்கிள் மீது தீராத விருப்பம்! 1950 ஆம் ஆண்டு சுவீடனில் நடைபெற்ற பறவையியல் மாநாட்டுக்குத் தம் வண்டியைக் கப்பலில் ஏற்றிச் சென்று, ஐரோப்பியச் சாலைகளில் ஓட்டியே போய்ச் சேர்ந்தார். ஆகவே, பொறி பூட்டிய ஊர்தியை வெறுப்பவரே பறவையை நேசிக்க இயலும் என்பதில்லை. ஊர்தி எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் செய்தி.

துடுப்புப் படகிலும் தீங்கு உண்டு. கயாக்கை முதன்முதல் உருவாக்கியவர்கள் வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் வாழும் மக்கள். விலங்குத் தோலால் போர்த்திய அப்படகில், இரை அறியாவண்ணம் நெருங்கி வேட்டையாடினர். எனவே அது ஓசையற்றது ஆனாலும் வேட்டைக்காரரின் படகே. கூட்டிலிருக்கும் பறவையின் அருகே அது திடீரெனத் தோன்றினால், பறவை முட்டைகளை விட்டுப் பறந்துவிடும்; கோடை வெயிலில் முட்டைகள் கெடவும் கூடும். பறவை தலையை உயர்த்தி உற்று நோக்கினால், படகு அதற்குமேல் நெருங்கலாகாது. எஞ்சியதை இருகண்நோக்கி பார்த்துக்கொள்ளும்.

வெயில் ஏறியபின் மிதிவண்டியில் தீவின் ஊர்ப்பகுதியைச் சுற்றலாம். அங்கே கசான் எனப்படும் வயல்கள் உள்ளன. ஆற்றின் உப்புநீர் புகாதவாறு மண்கரை எழுப்பி, நெல்லும் மீனும் விளைவிக்கும் பழமையான முறை இது. கரையில் அமைந்த மதகின் மரக்கதவு, ஓதம் ஏறும்போது நீரின் அழுத்தத்தால் தானே மூடிக்கொள்ளும். இறங்கும்போது தானே திறந்து வயல்நீரை வெளியேற்றும்.  இக்கரைகளை அலையிலிருந்து காப்பவை அவற்றின் வெளிப்புறத்தில் வளரும் அலையாத்தி மரங்களே. விரைவுப் படகுகள் எழுப்பும் அலைகள் அவ்வேர்களுக்கு இடையிலுள்ள மண்ணையே அரிக்கின்றன. பறவைக்கு மட்டுமன்றி, அங்கு உழுது வாழ்வோர்க்கும் அது இழப்பு.

முதியோரும் உடல்நலம் குன்றியோரும் துடுப்பு வலிக்க இயலாதே என்பது நியாயமான கேள்வி. அவர்களை அழைத்துச் செல்ல உள்ளூர்ப் படகோட்டிகளின் மரப்படகுகள் உள்ளன. எந்த ஓடையில் எந்நேரம் நீர் நிற்கும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் இலர். அவர்களுக்கும் அதனால் வருவாய் கிட்டும்.

பள்ளிகள் சுற்றுலாவைத் திட்டமிடும்போது பேருந்தின் நேரத்தையும் உணவு நேரத்தையும் முதலில் குறிக்கின்றன. இங்கோ முதலில் குறிக்க வேண்டியது ஓதத்தின் நேரம். நாள்தோறும் இருமுறை நீர் ஏறும், இருமுறை இறங்கும். இறக்கத்தில் சென்றால் படகு சேற்றில் சிக்கிக்கொள்ளும். ஏற்றம் எப்போது என்பதைப் படகோட்டியிடம் முந்தைய நாளே கேட்டறிந்து, உயிர்காப்புச் சட்டையும் குடிநீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு, முதல் படகிலேயே ரிபந்தரிலிருந்து புறப்படலாம். ஜூன் மாதத்தில் பருவமழை தொடங்கிவிட்டால் ஆறு பெருகும், சிறுபடகுகள் கரையேறிவிடும். அதற்குமுன் கிடைக்கும் விடுமுறை நாள்கள் சிலவே.