முடங்கிய கைக்கு மின்காந்தம்: நம்பிப் பணம் கட்டலாமா?

பக்கவாதம் தாக்கிப் பிழைத்தவரைப் பார்க்க வருகிறவர்கள், "எழுந்து நடக்கிறாரா?" என்றுதான் விசாரிக்கிறார்கள். ஆனால் தையல் மிஷினிலும் லேத்திலும் கணக்குப் பேரேட்டிலும் பிழைப்பவருக்குக் கைதான் சம்பளம். நடை திரும்பிய பலருக்கும் விரல்கள் திரும்புவதில்லை.

அந்த விரல்களை அசைய வைப்பதாகச் சொல்லி, தலைமேல் மின்காந்தச் சுருளை வைத்துச் செய்யும் சிகிச்சை பெருநகரங்களில் கிடைக்கிறது. கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. (கடையில் விற்கும் காந்தக் காப்புக்கும் காந்த மெத்தைக்கும் இதனுடன் சம்பந்தமே கிடையாது.) 1985-ல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் அந்தோனி பார்க்கரும் சகாக்களும் செய்து காட்டிய முறை இது. சுருளில் மின்சாரம் கண நேரம் பாயும்போது எழும் காந்தப்புலம், மண்டையோட்டைக் கடந்து மூளையில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது.

மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கி வைப்பவை. ஒன்று அடிபட்டதும் நல்ல பாதியின் ஆதிக்கம் ஓங்கி, அடிபட்டதை எழவிடாமல் அமுக்குகிறது என்பது நிபுணர்களின் கருத்து. ஆகவே நல்ல பாதிக்கு நொடிக்கு ஒரு துடிப்பு கொடுத்து அதைத் தணிக்கிறார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் 12 மையங்களில் 199 நோயாளிகளிடம் நடந்து 2018-ல் வெளியான சோதனை வேறு கதை சொன்னது. பக்கவாதம் வந்து 3 முதல் 12 மாதமானவர்கள் அவர்கள். சிலருக்கு உண்மைத் துடிப்பு, மற்றவர்களுக்குப் போலி. கைப்பயிற்சி எல்லோருக்கும் உண்டு. உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 67 சதவீதம் பேர் தேறினர். போலி பெற்றவர்களில் 65 சதவீதம்!

வழக்கு இத்துடன் முடியவில்லை. 2020-ல் ஐரோப்பிய நிபுணர் குழு, தாக்குதலை அடுத்த ஆரம்ப மாதங்களில் இம்முறை கைக்குப் பலன் தரும் என்றே தீர்ப்புச் சொன்னது. ஆக, நாள் முக்கியம். பல ஆண்டு முடங்கிய கையை மீட்டுத் தருவதாக உறுதி கூறி முன்பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை. வலிப்பு நோய் உள்ளவர்களும், தலைக்குள் உலோகம் பொருத்தியவர்களும், பேஸ்மேக்கர் வைத்தவர்களும் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கைப்பயிற்சிக்கு மிஷின் வேண்டாம், நாள் வேண்டும். லீவு தீர்ந்ததும் பாதியில் நிறுத்துபவர்கள்தான் அதிகம். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவி 91 நாட்களுக்கு, சம்பளத்தில் 70 சதவீதம். பக்கவாதம் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், சர்வீஸ் நிபந்தனை பூர்த்தியானவர்களுக்கு அதற்கப்பாலும் 80 சதவீதம் இரண்டாண்டு வரை கிடைக்க வழியுண்டு. நகையை அடகு வைக்குமுன் அந்த மனுவைக் கொடுக்கலாம்.